ஈரச் சாக்கு

பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் தன்னார்வலர் குழுவில் சேர்ந்த முதல் நாளே கையில் கொத்துக்கரண்டி கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். கொடுத்தது உளியும் சின்னச் சுத்தியலும். நூறு வயது தாண்டிய சுவரின் இடுக்குகளில் எப்போதோ யாரோ அக்கறையோடு அடைத்த சிமெண்டைப் பெயர்க்க வேண்டும். ஒன்றரை நாளில் நான் முடித்தது ஒரு மேஜை அகலம். மெஷின் வைத்து அறுத்தால் அரை மணி நேர வேலைதானே என்று கேட்டேன்.

"அறுக்கலாம் தம்பி. செங்கல்லும் சேந்து போகும்" என்றார் மேஸ்திரி.

சிமெண்ட் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-இல். அதற்குப் பிறகும் வெகுகாலம் வீடுகள் சுண்ணாம்புச் சாந்தில்தான் எழுந்தன. அந்தச் சுவர்களில் ஓதம் ஏறினாலும் சாந்து வழியாக ஈரம் வெளியேறிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரம் செங்கல் வழியாகப் போகப் பார்க்கும். உப்பு அங்கேயே படிந்து கல்லைப் பொரிய வைக்கும். நான் பெயர்த்த இடத்தில் விரல் பட்டாலே செங்கல் மாவாகக் கொட்டியது. சிமெண்ட் மட்டும் நேற்று அடைத்தது போல இருந்தது.

அப்புறம்தான் சுண்ணாம்புப் பயிற்சி. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும்; கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி இல்லாமல் கிட்டே விடமாட்டார்கள். வாரக்கணக்கில் ஊறி வெண்ணெய் பதத்துக்கு வந்த பிறகு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல். குழைத்த சாந்தை எடுத்துக் கரண்டியைக் கவிழ்த்தாலும் விழக்கூடாது. எனக்கு விழவில்லை. அந்தப் பெருமையில் இரண்டு வரிசை அடைத்துவிட்டு, நல்ல வெயிலில் அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. நகத்தால் கீறினால் பொடி உதிர்ந்தது. காய்ந்தால் இறுகிவிடும் என்பது என் கணக்கு. ஆனால் சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல இழுத்துத்தான் மறுபடி கல்லாகிறது. அதற்கு ஈரம் வேண்டும்.

"முன்னாடி சுவருக்குத் தண்ணி காட்டுனியா? அடைச்ச பிறகு ஈரச் சாக்கு போட்டு மூடுனியா?" என்றார் மேஸ்திரி. திட்டவில்லை. உளியைத் திரும்பக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

புதுப்பிக்கிறோம் என்று பழைய கட்டடங்களின் பூச்சைச் சுரண்டி எடுத்ததைக் கண்டு கொதித்து, 1877-இல் இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் ஒரு பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார். 'சுரண்டல் எதிர்ப்பு' என்பது அதன் செல்லப்பெயர். தமிழில் சொன்னால் வேறு ஏதோ கட்சி மாதிரி ஒலிக்கிறது, சரி. அந்தச் சங்கம் இன்றும் கைவினைஞர்களுக்குப் பயிற்சி தருகிறது. என்னைப் போல வார இறுதியில் வந்து போகிறவர்களால் ஒரு தொழில் பிழைக்காது. அதில் கூலி வாங்கிக் குடும்பம் நடத்துகிறவர்கள் வேண்டும். தன்னார்வம் என்ற பெயரில் கொத்தனார் கூலியை மிச்சம் பிடிக்கிற இடங்களுக்கு நான் போவதில்லை.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு உளி எடுத்துக் கொடுப்பது நான்தான். போன வாரம் பாதி வழி வந்த பிறகு மனசு கேட்காமல் திரும்பிப் போய், அவர்கள் போட்ட சாக்கு நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். ஓரத்தில் ஒன்று காய்ந்திருந்தது.