கை எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு: கொழிஞ்சாம்பாறைக் குறிப்புகள்

ஜூன் 9, திங்கள்

விரல் கணு வீங்கினால் இந்தப் பக்கம் முதலில் வரும் பேச்சு, "பழைய சிக்குன்குனியா வலிதானுங்க" என்பதுதான். 2006, 2007இல் கேரளம் முழுக்கப் பட்ட பாட்டுக்குப் பிறகு அப்படி நினைப்பது இயல்பு. அந்த வலி சிலருக்கு வருடக்கணக்கில் இழுக்கும். எலும்பை அரிப்பது அபூர்வம். படத்தில் அரிப்பு, அதாவது எலும்பின் விளிம்பு கரைந்திருப்பது, தெரிந்தால் பழியைக் காய்ச்சல் மேல் போட்டுவிட்டு இருக்கக் கூடாது.

மோதிரம், வளையல் கழற்றி, இரண்டு உள்ளங்கையும் தட்டில் படிய ஒரு படம். பிறகு உள்ளங்கை மேலே பார்க்க, 45 டிகிரி சாய்த்து இன்னொன்று. முதல் படத்தில் மறைந்த அரிப்பு இதில் சில நேரம் பிடிபடும். பாதப் படமும் கேளுங்கள்: கால் சுண்டுவிரலின் அடிக்கணுவில் கைக்கு முன்பே அரிப்பு தொடங்குவதுண்டு.

ஜூன் 12, வியாழன்

முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) ஓரத்தில்தான் கடிக்கும். குருத்தெலும்பு முடிகிற இடத்துக்கும் மூட்டு உறை ஒட்டுகிற இடத்துக்கும் நடுவே சிறு பட்டையாக எலும்பு மூடப்படாமல் கிடக்கிறது. வீங்கிய மூட்டுச்சவ்வு அதில் நேரே படர்கிறது. எலும்பைக் கரைக்கும் செல்கள் அங்கே வேலையைத் தொடங்குகின்றன. முதல் அடையாளம் குழி அல்ல. எலும்பின் வெள்ளை விளிம்புக்கோடு விட்டுவிட்டு, புள்ளி வைத்ததுபோல் தெரியும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் அடிக்கணுவில் கட்டைவிரல் பக்கத்து ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடுத்து மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முனை. நுனிக்கணு பெரும்பாலும் தப்பிக்கும். மூட்டைச் சுற்றி எலும்பின் அடர்த்தி குறைந்து படத்தில் கறுத்துத் தெரியும், இடைவெளி சீராகக் குறையும்.

ஜூன் 17, செவ்வாய்

சொரியாசிஸ் என்ற தோல் நோயோடு வரும் மூட்டு வாதம் அரிக்கும், பக்கத்திலேயே புது எலும்பையும் வளர்க்கும். அரிப்பின் ஓரம் பஞ்சு ஒட்டியதுபோல் கலங்கித் தெரிந்தால் இதை நினைக்க வேண்டும். நுனிக்கணுவைத் தாக்கும்; ஒரே விரலின் எல்லாக் கணுவும் சேர்ந்து கெடலாம். நகத்தில் குழி இருக்கிறதா என்று பார்க்காமல் ரிப்போர்ட் எழுதுவது பாதி வேலைதான்.

ஜூன் 20, வெள்ளி

யூரிக் அமில வாதத்தில் குழி மூட்டை விட்டுத் தள்ளியும் இருக்கும், அதன் விளிம்பு வெளியே தொங்கும், மூட்டு இடைவெளி வெகுநாள் கெடாது. அரிக்கும் வகை மூட்டுத் தேய்மானமோ நுனிக்கணு, நடுக்கணுவின் மத்தியில் குடையும். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயில் விரல் கோணும். ஆனால் அழுத்தினால் நிமிரும், அரிப்பு பெரும்பாலும் இராது.

ஜூன் 24, செவ்வாய்

எலும்புக்குள் ரத்தக்குழாய் நுழையும் துளையை அரிப்பு என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அல்ட்ராசவுண்டில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசையிலும் விளிம்பு முறிந்து தெரிந்தால்தான் அரிப்பு. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதால் முடக்குவாதம் இல்லை என்று சொல்லி அனுப்பவும் கூடாது; முதல் மாதங்களில் படம் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும், மருந்து தொடங்க வேண்டிய காலமும் அதுதான். மறுபடம் எடுக்கும்போது கை அதே நிலையில் இருக்கட்டும். சாய்வு கொஞ்சம் மாறினாலும் பழைய அரிப்பு மறைந்து, ஆறிவிட்டதாகத் தோன்றும்.