சுவிட்சின் நிகழ்வுப் பதிவு: முதலில் கடிகாரம்

கணினிகளையும் கருவிகளையும் கேபிள் வழியே ஒரே வலைப்பின்னலில் இணைக்கும் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 சுவிட்சில் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால், 1993 மார்ச் 1 நள்ளிரவிலிருந்து அது நேரத்தை எண்ணத் தொடங்கிவிடும். செந்தூலில் என் தம்பி நடத்தும் அச்சகத்துக்குப் பழையதாக வாங்கிய சுவிட்சில், நடந்தவற்றை நேரத்தோடு குறித்துவைக்கும் பதிவைத் திறந்தபோது, எல்லா வரிகளும் அந்த மார்ச் மாதத்திலேயே நின்றன; ஒவ்வொரு நேரத்துக்கும் முன்னால் ஓர் உடுக்குறி (*) இருந்தது. நேரம் எங்கிருந்தும் சரிபார்க்கப்படவில்லை என்பதே அந்தக் குறியின் பொருள். கோலாலம்பூரின் மாலை இடிமழைக்குப் பிறகு அச்சகத்தின் கேமரா அவ்வப்போது மறைந்துபோவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த எனக்கு, எந்த மழைக்கு எந்த வரி என்று பொருத்திப் பார்க்க வழியே இல்லாமற்போனது.

ஆகவே பதிவை எங்கே அனுப்புவது என்று யோசிப்பதற்கு முன் நேரத்தைச் சரிசெய்தேன். வலைப்பின்னல் வழியே சரியான நேரம் தரும் என்டிபி சேவையகத்தைக் குறிப்பிட்டு, நேர மண்டலத்தை உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால் என்று அமைத்தேன். பிறகு, பதிவில் உள்ளூர் நேரம், மில்லி விநாடி, மண்டலத்தின் பெயர், ஆண்டு ஆகிய நான்கும் வரும்படி 'சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ்' கட்டளையை எழுதினேன். ஆண்டைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும். கருவிகள் பதிவுச் செய்திகளை அனுப்பும் முறையான சிஸ்லாக்கின் பழைய வடிவத்தை விவரிக்கும் ஆர்எஃப்சி 3164 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தின் நேர முத்திரையில் ஆண்டும் இல்லை, மண்டலமும் இல்லை. 2009 இல் வந்த ஆர்எஃப்சி 5424 தான் இரண்டையும் சேர்த்தது. நேரம் ஒத்திசைந்ததும் உடுக்குறி மறைந்தது. அந்த இடத்தில் ஒரு புள்ளி தோன்றினால், முன்பு ஒத்திசைந்திருந்த கடிகாரம் இப்போது என்டிபியின் தொடர்பை இழந்துவிட்டது என்று கொள்ளவேண்டும்.

அடுத்தது தீவிர நிலை. சிஸ்லாக்கில் 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் உண்டு. எண் குறையக் குறையத் தீவிரம் கூடும். பிழைகள் மட்டும் போதும் என்று 3 ஆம் நிலையோடு நிறுத்திக்கொள்ளும்படி பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. போர்ட் இறங்குவதை (கேபிள் செருகும் துளையில் இணைப்பு அறுவதை) சொல்லும் 'லிங்க்' செய்தி 3 ஆம் நிலையில் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் யாரோ அமைப்பை மாற்றினார் என்ற செய்தியும், கேபிள் வழியே மின்சாரம் தரும் பிஓஇ போர்ட்டில் கருவி கழன்றது, மீண்டும் மின்சாரம் வழங்கப்பட்டது என்ற செய்திகளும் 5 ஆம் நிலையில் இருக்கின்றன. நடந்தது என்ன என்பதை 3 ஆம் நிலை சொல்லும். ஏன் நடந்தது என்பதற்கான தடயம் பெரும்பாலும் 5 இல்தான் கிடைக்கும். எனவே வெளியே அனுப்பும் அளவை 6 இல் வைத்து, இரைச்சலை வேறு வழியில் குறைத்தேன்: மடிக்கணினிகள் தூங்கி விழிக்கும் மேசைப் போர்ட்டுகளில் மட்டும் இணைப்பு நிலைச் செய்திகளை நிறுத்திவிட்டேன். கேமரா, அச்சு இயந்திரம், மேல்மாடிக்குப் போகும் இணைப்பு ஆகியவை பேசிக்கொண்டே இருக்கட்டும்.

செய்திகளைப் பெற்றுக்கொள்வது, ஆர்சிஸ்லாக் என்ற பதிவு சேகரிக்கும் மென்பொருள் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி. சுவிட்ச் அவற்றை யுடிபி என்ற முறையில் 514 ஆம் போர்ட் எண்ணுக்கு அனுப்புகிறது. சேர்ந்ததா என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை. மின்தடைக்குப் பின் சுவிட்ச் எழும்போது, பை இருக்கும் போர்ட் உயிர்பெறுவதற்கு முன் எழுதப்படும் வரிகள் காற்றோடு போய்விடலாம். இதற்காக இரண்டு ஏற்பாடுகள் செய்தேன். சுவிட்சின் உள் நினைவகத்தில் பதிவுக்கென்று இருந்த 4096 பைட்டை 65536 ஆக்கினேன். ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் இடச் செய்தேன். பையில் உள்ள கோப்பில் எண் தாவியிருந்தால் இடையில் உள்ளவை தொலைந்திருக்கலாம் என்று உடனே தெரியும். மீண்டும் மின்சாரம் போவதற்குள் அவற்றைச் சுவிட்சிலேயே படித்துக்கொள்ளலாம். ஒரு சிறு தொல்லையும் உண்டு. நேரத்துக்கு முன்னால் வரும் அந்த வரிசை எண்ணை ஆர்சிஸ்லாக் அனுப்புநரின் பெயராகவோ நிரலின் பெயராகவோ எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால் கோப்புகளை, செய்தி வந்த ஐபி முகவரியை வைத்துப் பிரிக்கும்படி அமைத்தேன்.

அடுத்த இடிமழைக்கே பலன் தெரிந்தது. கேமராவின் போர்ட் இறங்கிய அதே நேரத்தில், மின்சாரம் பெறும் கருவி அகற்றப்பட்டது என்ற 5 ஆம் நிலைச் செய்தி பதிவாகியிருந்தது. சிறிது நேரம் கழித்து மின்சாரம் வழங்கப்பட்ட செய்தி. வேறெந்தப் போர்ட்டும் அசையவில்லை, சுவிட்சும் மறுதொடக்கம் ஆகவில்லை. கம்பியின் மறுமுனையில் கருவி இருப்பதே சுவிட்சுக்குத் தெரியாமற்போயிருக்கிறது என்பதால், கேமராவின் மென்பொருளை விட்டுவிட்டுக் கேபிளைப் பார்த்தோம். கூரையோரம் இருந்த ஆர்ஜே-45 முனையில் செம்புத் தகடுகள் பச்சை பூத்திருந்தன. தம்பி முனையை வெட்டிப் புதிதாகப் பொருத்தி, சாரல் படாத பெட்டிக்குள் வைத்துவிட்டான்.

இன்னும் சரியாகாதது பாதுகாப்பு. யுடிபியில் போகும் பதிவு மறைகுறியாக்கப்படாதது; வழியில் இருப்பவர் படிக்கவும் முடியும், பொய்ச் செய்தியைச் செருகவும் முடியும். மறைகுறியாக்கும் டிஎல்எஸ் வழியாக அனுப்ப 6514 ஆம் போர்ட் எண் ஒதுக்கப்பட்டிருந்தாலும், இந்தச் சுவிட்சில் அதைப் பயன்படுத்த நான் முயலவில்லை. இப்போதைக்குச் சுவிட்சின் நிர்வாக முகவரியையும் பையையும் விலான் எனப்படும் தனி உள்வலையில் வைத்து, வாடிக்கையாளர்களுக்கான வைஃபையிலிருந்து அதற்குப் பாதை இல்லாமல் அடைத்திருக்கிறேன்.