கேஸ் என் பேரில், மெசேஜ் யார் போனில்?

மணலியில் ஒரு டிரான்ஸ்போர்ட்டில் நாற்பது அடி டிரெய்லர் ஓட்டுகிறேன். போன வாரம் எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) எடுக்கப் போய் நான் பட்ட பாட்டை, வண்டி ஓட்டும் மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்று மாதம் முன்பு எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் சீட் பெல்ட் போடவில்லை என்று நிறுத்தினார்கள். தப்பு என்னுடையதுதான். துறைமுக வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது கழற்றியவன், வரிசை கலைந்ததும் மாட்ட மறந்துவிட்டேன். மெஷினில் சலான், அதாவது அபராதச் சீட்டு, அடித்துக் கொடுத்தார்கள், 1000 ரூபாய். அன்று ராத்திரியே சூப்பர்வைசருக்குப் போன் போட்டுச் சொன்னேன். “சரிப்பா, ஓனர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றார். நானும் நம்பிவிட்டேன்.

சலான் மெசேஜ் ஆர்சியில், அதாவது வண்டிப் பதிவில், உள்ள போன் நம்பருக்குத்தான் போகும். எங்கள் வண்டியோ செகண்ட் ஹேண்ட். பெயர் மாற்றியவர்கள் நம்பரை மாற்றவில்லை. எல்லா மெசேஜும் பழைய ஓனருக்குப் போயிருக்கிறது. அவருக்கு என்ன கவலை?

எஃப்சிக்கு இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் சலான் பாக்கி என்று வந்தது. ஒன்று இல்லை, மூன்று. என்னுடைய 1000, நோ பார்க்கிங் 500, மறுபடி நோ பார்க்கிங் என்று 1500. “வண்டி உன் கையில இருந்தது, மூவாயிரமும் உன் சம்பளத்துல” என்றார் கணக்கர். சூப்பர்வைசரைப் பார்த்தேன். நான் போன் செய்ததே அவருக்கு நினைவில்லையாம்.

அன்றிரவு சலான் இணையதளத்தில் நானே உட்கார்ந்து பார்த்தேன். வண்டி நம்பரோடு சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்தைப் போட்டால் தேதி, நேரம், இடம் எல்லாம் வருகிறது. 1500 ரூபாய் கேஸ் விழுந்த நாளில் நான் வேறு வண்டி ஓட்டினேன்; என் வண்டியை மாத்து டிரைவர் எடுத்திருந்தார். அந்த வார டிரிப் ஷீட் ஆபீஸில் இல்லை. என்னிடம் அன்று ஓட்டிய வண்டிக்கு யார்டு கேட்டில் கொடுத்த சீட்டு இருந்தது, ஆனால் வெயிலில் டாஷ்போர்டில் கிடந்து எழுத்தெல்லாம் வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகியிருந்தது. நல்ல வேளை, டீசல் கணக்குக்காக அதை அன்றைக்கே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். வேறு வண்டி நம்பர், நேரம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கணக்கர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு என் கணக்கிலிருந்து 1500-ஐ அடித்துவிட்டார்.

500-க்குத்தான் பெரிய சண்டை. சரக்கோடு ராத்திரி முழுக்க வரிசையில் நின்ற வண்டிக்கு விழுந்த கேஸ் அது. முதலாளி வேலைக்கு நின்றதற்கு நான் ஏன் கட்ட வேண்டும்? கடைசியில் ஓனரே முனகிக்கொண்டு ஏற்றுக்கொண்டார்.

என் 1000 அதற்குள் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது ஆன்லைன் கோர்ட்டுக்கு, போயிருந்தது. அங்கே கட்டிவிட்டு, மறுநாள் காலையிலேயே வண்டியை எஃப்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். இன்னும் பாக்கி என்றே காட்டியது. ரசீதைக் காட்டியும் பயனில்லை. கம்ப்யூட்டரில் மாறினால்தான் ஆயிற்று. ஒரு நாள் டிரிப்பும் போச்சு, பேட்டாவும் போச்சு. பாக்கி போய்விட்டதா என்று போனில் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் லாரி ஓட்டும் சொந்தக்காரர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். அங்கே கேஸ் உறுதியானால் 30 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டுமாம், சொந்தக் காரில் மாட்டினாலும்கூட. பார்க்கிங் மட்டும் விலக்கு. இங்கே எங்களுக்கு ஓனர் வாய்தான் சட்டம்.

நேற்று ஆபீஸ் குரூப்பில் மூன்று ரசீதுகளையும் போட்டேன். சூப்பர்வைசர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.