முட்டி ஊசிக்கு வெறும் வயிற்றில் போகாதீர்கள்

மூட்டுத் தேய்மான வலிக்காக அம்மாவின் வலது முட்டிக்கு ஸ்டீராய்டு ஊசி போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்காக ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இரண்டு முறை இறங்க வேண்டியதாகிவிட்டது. முதல் முறை போனது முழுக்க வீண்.

போனில் நேரம் கேட்டபோது, "வெறும் வயித்துல கூட்டிட்டு வாங்க" என்றார்கள். சாப்பாடு இல்லை என்பதால் சுகர் மாத்திரையும் போடவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, டோக்கன் போட்டு, பதினொன்றரைக்கு உள்ளே போனால் சுகர் 298. டாக்டர் ஊசி போட மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ரத்தத்திலும் கொஞ்சம் கலந்து, சில நாளைக்குச் சுகரை ஏற்றிவிடும். ஆனால் இந்த ஊசிக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. மயக்க மருந்து கிடையாது, மரத்துப்போக லிக்னோகெய்ன் மட்டும்தான். வழக்கம்போலச் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு போங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். டெஸ்டின் சமீபத்திய ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். ஊசிக்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். காய்ச்சலோ, முட்டித் தோலில் புண்ணோ இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

காத்திருந்த நேரத்தில் "ஜெல் ஊசி போட்டுக்கலாமே" என்று கவுண்டரில் சொல்லிப் பார்த்தார்கள். மூட்டுக்குள் வழுவழுப்புக்காகப் போடும் ஹையலுரோனிக் அமிலம்தான் அது, பல ஆயிரம் ரூபாய் சமாச்சாரம். மூட்டுத் தேய்மானத்துக்கு அதைத் தர வேண்டாம் என்று டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. டாக்டரிடமே கேட்டோம், அவரும் தேவையில்லை என்றார்.

இரண்டாம் முறை சுகர் 162. காலை நீட்டிப் படுக்கவைத்து, முட்டிச்சில்லின் வெளிப்பக்க மேல் ஓரத்தில் ஊசியை இறக்கி, முதலில் 30 மி.லி. நீரை எடுத்தார்கள். வைக்கோல் மஞ்சள் நிறம். சிரிஞ்சுக்குப் பின்னால் ஓ.பி. சீட்டைப் பிடித்தால் எழுத்தைப் படிக்க முடிந்தது. கலங்கலாக இருந்தால் கிருமித் தொற்று இல்லை என்று தெரியும்வரை ஸ்டீராய்டு போடக் கூடாது. பிறகு அதே ஊசி வழியாக, குலுக்கியதும் பால்போல இருந்த டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு 40 மி.கி., லிக்னோகெய்னோடு உள்ளே போனது.

அன்று மாலை வலியே இல்லை. அது லிக்னோகெய்ன் வேலை, சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ராத்திரி வலி முன்பைவிடக் கூடியது. ஊசி பலிக்கவில்லை என்று பயப்பட வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் அடங்கும். ஸ்டீராய்டு பிடிக்க சில நாள் ஆகும். ஆனால் இரண்டு நாளுக்கு மேலும் வலி ஏறிக்கொண்டே போய், முட்டி சிவந்து சுட்டு, காய்ச்சலும் வந்தால் காலைவரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சுகர் மூன்றாம் நாள் 262 வரை போய், ஏழாம் நாள்தான் பழைய அளவுக்கு இறங்கியது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருப்பது நல்லது.

வலி குறைந்ததுமே காப்பித் தோட்டச் சரிவில் இறங்கிவிடுகிறார்கள் நம் ஊரில். இரண்டு நாளாவது மேடு பள்ளம் வேண்டாம். ஊசி வலியைத்தான் குறைக்கும், தேய்ந்த ஜவ்வு, அதாவது குருத்தெலும்பு, வளராது. 12 வாரத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் இதே மருந்தைப் போட்டுப் பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது: குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்ததே தவிர, வலியில் உப்புநீர் ஊசியைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை.

கிளம்பும்போது பார்த்தால் சீட்டில் 'முட்டி ஊசி' என்று மட்டும் இருந்தது. இரண்டு முறை திரும்பப் போய்க் கேட்டு, மருந்தின் பெயர், அளவு, எந்தக் கால், தேதி எல்லாம் எழுதி வாங்கினோம். அடுத்த ஊசிக்கு மூன்று மாத இடைவெளி வேண்டும். முட்டி மாற்று அறுவைக்குப் போனாலும் கடைசி ஊசி எப்போது என்றுதான் முதலில் கேட்பார்கள். மூன்று மாதத்துக்குள் போட்டிருந்தால் தொற்று பயத்தில் அறுவையையே தள்ளிவைப்பார்கள்.