புது மாடல் பேச்சும் கடையில் தேங்கும் சரக்கும்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் செல்போன் கடை நடத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஐபோன் புது மாடல் பெரும்பாலும் செப்டம்பரில் வரும். குறுவை அறுவடைப் பணம் கைக்கு வருவதும் அதையொட்டித்தான். ஆடியிலேயே "புதுசு வருதாமே" என்று பேச்சு கிளம்பிவிட்டால், வாங்க வந்தவர் விலை கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஐபோன் செய்யும் ஆப்பிள் கம்பெனிக்கே இந்த அடி விழும். வரப்போகும் ஐபோன் பற்றிய செய்திகளால் வாங்குவோர் தள்ளிப்போடுகிறார்கள் என்று 2017 மே மாதம், அப்போது ஆப்பிளின் தலைமை அதிகாரியாக இருந்த டிம் குக்கே சொன்னார். அந்த ஆண்டு ஜனவரி-மார்ச் காலாண்டில் ஆப்பிள் விற்றது சுமார் 5.08 கோடி ஐபோன், முந்தைய ஆண்டு அதே காலாண்டில் 5.12 கோடி. அமெரிக்காவின் ஆஸ்போர்ன் கம்ப்யூட்டர் கம்பெனி அடுத்த மாடலை முன்கூட்டியே பேசியது, ஆர்டர் குறைந்தது, 1983 செப்டம்பரில் திவால். (அதற்கு வேறு காரணங்களும் உண்டு, பழியை இது ஒன்றின் மேல் போட முடியாது.)

ஆனி கடைசியிலிருந்து, இரண்டு வாரத்தில் விற்கும் அளவுக்கு மேல் ஐபோன் எடுக்காதீர்கள். விலை இறங்கினால் கையிருப்புக்கு வித்தியாசம் தருவார்களா என்று டிஸ்ட்ரிபியூட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். பில்லும் ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி எண்) பட்டியலும் கையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கேட்டு வாங்குவது கஷ்டம். புது மாடலின் லீக் ஆன அளவை நம்பிக் கவர்களை மொத்தமாக வாங்கவே வாங்காதீர்கள். கேமரா மேடு ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் அத்தனையும் குப்பைக்குத்தான் போகும்.