தேவசாயலுக்கு என்ன விலை?

கடவுள் மனிதரைத் தம் சாயலில் படைத்தார் என்று சொல்லும் பைபிள் வசனமான ஆதியாகமம் 1:27-ஐ வாசிக்கும்போதெல்லாம் நிசா நகர் கிரகோரியார் நினைவுக்கு வருகிறார். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள கப்பதோக்கியாவில் ஆயராக இருந்தவர்.

பழைய எகிப்திலும் மெசபடோமியாவிலும் அரசன்தான் கடவுளின் சாயல். ஆதியாகமமோ ஆண், பெண் எல்லோருக்கும் அதைக் கொடுத்துவிட்டது. பழைய கிறிஸ்தவ இறையியலாளரான அகஸ்டின் அந்தச் சாயலை மனதின் நினைவு, அறிவு, சித்தம் மூன்றிலும் தேடினார். சரி, அது ஆழமான சிந்தனைதான். ஆனால் கிரகோரியார் நேராக அடிமைச் சந்தைக்கே போய்விடுகிறார். பைபிளின் பிரசங்கி நூலில் 2:7-இல் அடிமைகளை வாங்கியதாக வரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு, தேவசாயலுக்கு எத்தனை காசு கொடுத்தாய் என்று கேட்கிறார். பூமியை ஆளப் படைக்கப்பட்டவனை யார் விற்க முடியும்? கடவுளே மனிதனை அடிமையாக்கவில்லையே என்கிறார்.

அடிமைமுறையைத் திருச்சபையிலும் இயல்பாக எடுத்துக்கொண்ட காலம் அது. அதன் பிறகும் பல நூற்றாண்டுகள் கிறிஸ்தவர்களே மனிதரை வாங்கி விற்றார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.