பஞ்சுவின் குளியல் குறிப்புகள்

மார்ச் 2

செத்த தவளையா, அழுகிய எலியா தெரியவில்லை. எதன் மேலோ முதுகைப் போட்டு நன்றாக உருண்டுவிட்டு, பெரிய வேலை முடித்த முகத்தோடு வந்து நின்றான் என் நாய் பஞ்சு. அவனுடைய ஷாம்பு தீர்ந்து பத்து நாள் ஆகிறது. வாங்க வேண்டும், வாங்க வேண்டும் என்று நினைத்ததோடு சரி. அந்த நாற்றத்தோடு ஒரு ராத்திரியை ஓட்ட முடியாது என்று என் ஷாம்புவையே எடுத்து இரண்டு தடவை போட்டேன். நுரை என்றால் அப்படியொரு நுரை. அலசி முடித்து விரலால் உருவினால் முடி ‘கீச் கீச்’ என்று சத்தம் போட்டது. சுத்தத்தின் சத்தம் என்று எனக்குப் பெருமை வேறு.

இப்போது மணி பதினொன்று. கட்டிலுக்கு அடியில் டக் டக் டக். பின்னங்கால் முட்டி தரையில் இடிக்கிற சத்தம். சொறிகிறான், நிறுத்துகிறான், மறுபடி சொறிகிறான்.

மார்ச் 4

அவன் படுத்து எழுந்த கறுப்புப் போர்வையில் மாவு சலித்த மாதிரி வெள்ளைத் துகள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். முதுகு முடியைப் பிரித்துப் பார்த்தவர், “எதுல குளிப்பாட்டினீங்க?” என்று கேட்டார். சொன்னேன். திட்டியிருந்தால் பரவாயில்லை, சிரித்துவிட்டார்.

மனிதத் தோல் அமிலப் பக்கம் சாய்ந்தது, அமிலத்தன்மையைச் சொல்லும் பி.எச் அளவில் 5-ஐ ஒட்டி இருக்கும். நாய்த் தோல் நடுநிலையான 7-க்குப் பக்கத்தில். இனத்துக்கு இனம், உடம்பில் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். இதை நானே எங்கோ படித்திருந்தேன். டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “பி.எச் ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்க எண்ணெயை மொத்தமா வழிச்சு எடுத்துட்டீங்க” என்றார். நாயின் மேல்தோலில் உயிருள்ள செல் அடுக்கு மூன்று முதல் ஐந்துதான் இருக்குமாம். நம்முடையது அதைவிடத் தடிமன். அந்த மெல்லிய தோலில் ஈரம் நிற்பதே மேலே படர்ந்திருக்கும் எண்ணெய்ப் படலத்தால். நான் பெருமைப்பட்ட கீச் கீச், அந்தப் படலம் போன சத்தம்.

ஒரு வாரம் தண்ணீரே காட்டக் கூடாது, தினமும் சீவிவிட்டால் போதும் என்றார். சீவினால் இருக்கிற எண்ணெய் முடி முழுக்கப் பரவுமாம்.

மார்ச் 9

ஷாம்பு தேடும் படலம் ஆரம்பம். பாட்டிலின் முன்பக்கத்தைப் படித்தால் எல்லாமே அமிர்தம். ‘இயற்கையானது’, ‘ஒவ்வாமை தராதது’, ‘மென்மையானது’. இந்தச் சொற்களுக்கெல்லாம் கறாரான அளவுகோல் கிடையாது. எழுதுகிறவர் கைதான் அளவு. பின்பக்கம்தான் சமாசாரம். சேர்மானங்கள் பெரும்பாலும் அதிகமானதில் தொடங்கிக் குறைவானதில் முடியும். முதலில் தண்ணீர். அடுத்த இரண்டு மூன்று பெயர்கள் அழுக்கு எடுக்கிறவை; பாட்டிலின் குணம் அங்கே தெரிந்துவிடும். சோடியம் லாரில் சல்ஃபேட் அந்த இடத்தில் இருந்தால் பஞ்சுவின் இப்போதைய தோலுக்கு வேண்டாம். டெசில் குளுக்கோசைடு, கோகோ குளுக்கோசைடு என்று இருந்தால் நுரை குறைவாக வரும், எண்ணெயையும் அவ்வளவு மூர்க்கமாகப் பிடுங்காது.

அடியில் பொடிப்பொடியாக எழுதியிருக்கும் தேயிலை மர எண்ணெயைப் பார்த்ததும் ஒதுக்கினேன். நாய் நக்கும். கொஞ்சமாக இருந்தால் பரவாயில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று எத்தனை பாட்டிலில் போட்டிருக்கிறது? செறிவான எண்ணெயாக இருந்தால் நாய்க்கு நடுக்கம், தள்ளாட்டம் வரைக்கும் போகும்.

கடைசியில் இரண்டு வாங்கினேன். ஒன்று ஓட்ஸ் பொடி சேர்த்தது, வாசனையே இல்லாதது. ஓட்ஸில் அரிப்பை அடக்கும் பொருள் இருப்பது உண்மை. இன்னொன்று பச்சை ஆப்பிள் வாசனை. ஏன் வாங்கினேன் என்று கேட்கக் கூடாது. வாசனை யாருக்காக என்று எனக்கே தெரியும்.

மார்ச் 10

நேற்று எழுத மறந்த ஒன்று. உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கான ஷாம்பு ஒன்றும் கூடையில் இருந்தது, எங்கள் பூனை கறுப்பி ஞாபகம் வந்து திருப்பி வைத்துவிட்டேன். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. நாய் தாங்கும், பூனை தாங்காது. பூனையின் கல்லீரலுக்கு அதை வேகமாக உடைத்து வெளியே தள்ளத் தெரியாது. வலிப்பு வரும், உயிரே போகும். எங்கள் வீட்டில் கறுப்பி தூங்குவது பஞ்சுவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. எழுந்ததும் அவன் காதை நக்கிவிடுவாள். அவனுக்குப் போடுவதெல்லாம் அவளுக்கும் போட்ட மாதிரிதான். ‘நாய்களுக்கு மட்டும்’ என்று பாட்டிலில் இருந்தது, மனசாட்சியாக. எழுத்து எறும்பு அளவு.

மார்ச் 16

குளியல். முதலில் காய்ந்த முடியிலேயே சீவி முடிச்சை எல்லாம் எடுத்தேன். குளித்தபின் எடுக்கலாம் என்று விட்டால், நனைந்த முடிச்சு சுருங்கிக் கம்பளி மாதிரி இறுகிவிடும். அப்புறம் கத்தரிக்கோல்தான் கதி. காதுக்குப் பின்னால் மூன்று, அக்குளில் ஒன்று.

வெதுவெதுப்பான தண்ணீரை மூன்று நிமிஷம் ஊற்றியபின் நனைந்துவிட்டான் என்றே நினைத்தேன். கழுத்து முடியை இரண்டு கட்டைவிரலாலும் பிரித்துப் பார்த்தால், மேலே சொட்டச் சொட்ட ஈரம், அடியில் வெள்ளைவெளேரென்று காய்ந்த அடிமுடி. தோலில் ஒரு சொட்டு இறங்கவில்லை. நாய்க்கு ஒரே துளையிலிருந்து கனமான மேல்முடி ஒன்றும் அதைச் சுற்றி மெல்லிய முடி பலவும் கொத்தாக வரும். பஞ்சு மாதிரி இரட்டை ரோமக்காரர்களுக்கு அது ரெயின்கோட். இத்தனை வருஷம் நான் ரெயின்கோட்டுக்குத்தான் ஷாம்பு போட்டிருக்கிறேன்.

ஒரு பங்கு ஷாம்புவுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்று பாட்டிலில் இருந்தபடி கலக்கினேன். மக்கில் இருப்பதைப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருந்தது, சோப்புத் தண்ணீர் மாதிரி. ஆனால் கெட்டியாக ஊற்றியபோது மேலேயே நின்றது, இது வழிந்து தோல்வரை போனது.

பிறகு கண்டிஷனர். நனைந்த முடியில் எதிர்மின் தன்மை, கண்டிஷனரில் இருக்கும் முக்கியப் பொருளில் நேர்மின் தன்மை. ஒட்டிக்கொள்ளும், அலசினாலும் ஒரு மெல்லிய படலம் நிற்கும். எழும்பி நின்ற முடிச் செதில்கள் படுத்துவிடும், சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். ஷாம்புவும் கண்டிஷனரும் ஒன்றாக வரும் இரண்டு இன் ஒன் பாட்டில்கள் எனக்குப் பிடிக்காததும் இதனால்தான்: ஒரே நேரத்தில் எடுக்கவும் வேண்டும், விடவும் வேண்டும் என்றால் இரண்டுமே அரைகுறை. சீப்பு வழுக்குகிற சுகத்தில் வேரிலிருந்து நுனிவரை தாராளமாகப் போட்டுவிட்டேன்.

மார்ச் 18

பஞ்சு, பஞ்சாக இல்லை. எண்ணெய் வைத்து வழித்து வாரிய பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருக்கிறான். கண்டிஷனர் முடி நுனிக்கும் வாலுக்கும் போதும், அடிமுடிக்குத் தேவையே இல்லை என்று இப்போது தெரிகிறது.

அக்காவிடம் போனில் புலம்பினேன். அவளுடையது கம்பி முடி டெரியர். “நான் ஆறு மாசமா வாராவாரம் போட்டுட்டிருக்கேன்டி, அவன் முடி பூனைக்குட்டி மாதிரி ஆயிடுச்சு, நீ என்னமோ ஒரு நாளுக்கு அழற” என்றாள். மொரமொரப்பாக நிற்கவேண்டிய முடியை மிருதுவாக்கி வைத்திருக்கிறாள். கம்பி முடிக்கு அந்த மொரமொரப்புதானே அழகும் காவலும். சுருட்டை முடி பூடில் வைத்திருப்பவர் யாராவது இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார், அவர்களுக்குக் கண்டிஷனர் இல்லாமல் ஒரு வாரம் ஓடாது.

மார்ச் 31

16-ஆம் தேதி கலக்கி மிஞ்சிய ஷாம்பு தண்ணீர் குளியலறை மூலையில் ஒரு பாட்டிலில் இருந்தது. வீணாக்குவானேன் என்று திறந்தேன். குளத்து வாடை. சாக்கடையில் ஊற்றிவிட்டேன்.

கெடாமல் காக்கும் பொருளும் சேர்ந்துதானே பத்து மடங்கு நீர்த்துப் போகிறது. ஈரமான மூலையில் நிற்கும் அந்தத் தண்ணீரில் சூடோமோனாஸ் மாதிரிக் கிருமி செழித்து வளரும். அதைத் தோலில் தேய்த்தால் ஓரிரு நாளில் முதுகில் வலியோடு கொப்புளமும் காய்ச்சலும் வரலாம். தேய்க்கிற கையே கிருமியை வேர்க்காலுக்குள் திணித்துவிடும். மருந்து அடித்த மாதிரி ஒரு கோட்டில் முதுகெலும்போடு வரும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அந்தப் பாட்டில்தான் கண்ணில் நின்றது. அன்றன்றைக்குக் கலக்கினால் அன்றோடு சரி.

ஏப்ரல் 8

அரிப்பு நின்றது, வேறொன்று வந்திருக்கிறது. கழுத்து மடிப்பில் பிசுபிசுப்பு, ஊறவைத்த மாவு புளித்த மாதிரி ஒரு வாடை, பாதத்து முடி துருப்பிடித்த நிறம். பச்சை ஆப்பிள் பாட்டிலைத் திறந்தேன். மூன்று தும்மல் போட்டுவிட்டு, ஈர உடம்போடு ஓடிப் போய்ச் சோபாவில் முகத்தைத் தேய்த்தான். இரண்டு மணி நேரம் ஆப்பிள். மூன்றாவது மணி நேரம் புளித்த ஆப்பிள்.

வெள்ளை நாய்களுக்கான ஊதா நிற ஷாம்பு வேறு தேடிக்கொண்டிருந்தேன். ஊதா மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்கும், அவ்வளவுதான். பாதம் துரு நிறமாவது நக்குவதால். எச்சிலில் இருக்கும் போர்ஃபைரின் என்ற நிறப்பொருள் படிவது அது. ஏன் நக்குகிறான் என்பதல்லவா கேள்வி.

டாக்டர் ஒட்டும் நாடாவைக் கழுத்தில் அழுத்தி எடுத்துச் சாயம் போட்டு, என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் குட்டிக் குட்டிப் பாதச் சுவடுகள். மலாசீசியா என்ற ஈஸ்ட். எல்லா நாய்த் தோலிலும் கொஞ்சம் குடியிருக்கும். ஈரமும் பிசுக்கும் கிடைத்தால் ஊரையே கூட்டிவிடும். “குளிச்சப்புறம் அடிமுடி வரைக்கும் காயவைக்கிறீங்களா?” துண்டால் துடைத்துவிட்டு ஓட விடுகிறவள் நான். பதில் சொல்லவில்லை.

ஏப்ரல் 9

டாக்டர் கொடுத்த மருந்து ஷாம்பு: குளோர்ஹெக்சிடின் 2 சதவீதம், மைக்கோனசோல் 2 சதவீதம். வாரம் இரண்டு தடவை, மூன்று வாரம். முதலில் சாதா ஷாம்புவால் பிசுக்கை எடுத்துவிட்டு இதைப் போட்டு 10 நிமிஷம் நிற்க வேண்டும். நுரையோடு. அலசினால் மருந்தும் போய்விடும்.

10 நிமிஷம் எவ்வளவு நீளம் என்று நுரை பூசிய நாயோடு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் நிமிஷம் என் முகத்தைப் பார்த்தான். இரண்டாவதில் கதவைப் பார்த்தான். நாலாவதில் காதை மடக்கி உதறப் போனான். ஒரு விரலை மூக்கின் மேல் வைத்தால் உதறல் நிற்கிறது என்று தற்செயலாகக் கண்டுபிடித்தேன். பிறகு கழுத்து மடிப்பை மெல்லப் பிசைந்தபடி பெருக்கல் வாய்ப்பாடு சொன்னேன். பதிமூன்றாம் வாய்ப்பாடு எனக்கு இன்னும் வராது. மணி பார்த்தால் ஏழு நிமிஷம்.

காயவைக்க நாற்பது நிமிஷம். டிரையர் சூட்டைக் குறைத்து, முடியைப் பிரித்துப் பிரித்து, அடிமுடி உதிரியாகும் வரை.

ஏப்ரல் 13

அலசும்போது இன்று ஒன்று பார்த்தேன். தண்ணீர் தெளிந்துவிட்டது என்று மக்கை வைத்தபின், எதற்கோ முன்னங்காலைத் தூக்கினேன். அக்குளில் ஒரு உள்ளங்கை அளவு நுரை. மார்ச்சிலும் முடிச்சு இருந்த இடம் அதுதான், அதிகம் சொறிகிற இடமும் அதுதான். இனிமேல் அலசல் அங்கே தொடங்கும்.

ஏப்ரல் 30

நாடா மறுபடி. இரண்டு பாதச் சுவடு இருந்தது, அவ்வளவு இருக்கலாம் என்றார். இனிச் சாதா குளியல், அழுக்கானால் மட்டும். பூச்சிக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து இன்று போட்டாயிற்று, அதனால் இரண்டு நாள் தண்ணீர் கிடையாது, அந்த மருந்தின் தாளில் அப்படித்தான் இருக்கிறது. பெர்மெத்ரின் இல்லாததுதானே என்று மூன்று தடவை படித்தேன். ஆனாலும் காயும்வரை கறுப்பி அடுத்த அறையில்.

பச்சை ஆப்பிள் பாட்டில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. வாசல் கால்மிதியைக் கழுவினேன். நல்ல நுரை.